ஆடியது எத்தனை, ஜெயித்தது எத்தனை? அணிக் கணக்கு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடியைச் சுற்றியுள்ள ஊர்களில் பொங்கல், கோயில் திருவிழா, கோடை விடுமுறை என்று எது வந்தாலும் ஒரு போட்டி இருக்கும். டென்னிஸ் பால் கிரிக்கெட், கபடி, வாலிபால், ஏதாவது ஒன்று. எங்கள் அணிக்கு ஸ்கோர் நோட்டும், அதிலிருந்து வருடக் கணக்கும் எழுதுவது பல வருடங்களாக என் வேலை. பள்ளத்தூர், கோட்டையூர், புதுவயல், தேவகோட்டை என்று எங்கே போனாலும் ஆட்டம் முடிந்ததும் யாராவது நோட்டை எட்டிப் பார்த்து ஒரு சந்தேகம் கேட்பார்கள். பெரும்பாலும் அதே சந்தேகங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. அவற்றைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். சர்வதேச ஆட்டங்களின் எண்கள் உண்மையானவை. பக்கத்து ஊர்ப் பெயர்களை வைத்துப் போட்டிருக்கும் கணக்குகள் விளக்கத்துக்காக மட்டும்.

ஒரு டீம் "ஆடிய மேட்ச்"னு எதைச் சொல்றது? கிரவுண்டுக்குப் போனா போதுமா?

போதாது. கிரிக்கெட்டில் டாஸ்தான் எல்லைக்கோடு. டாஸ் போட்ட பிறகு ஒரு பந்துகூட வீசாமல் மழை கொட்டினாலும், சர்வதேசக் கணக்கில் அது ஆடிய ஆட்டம்தான். பதினொரு பேருக்கும் ஒரு மேட்ச் கூடும். டாஸுக்கு முன்பே கைவிட்டால் கணக்கில் வராது. கபடி, கால்பந்து, வாலிபாலில் நடுவர் விசில் ஊதி ஆட்டம் தொடங்கியிருக்க வேண்டும்.

எங்கள் நோட்டிலும் இதையே வைத்திருக்கிறோம். வேன் பிடித்துப் பொன்னமராவதி வரை போய், மைதானத்தில் தண்ணீர் நிற்கிறது என்று திரும்பி வந்திருந்தால், அது செலவுக் கணக்கில் வரும். ஆட்டக் கணக்கில் வராது.

மழையில பாதியில நின்னுபோச்சு. நாங்கதான் ஜெயிக்கிற நிலைமையில இருந்தோம். வெற்றின்னு எழுதலாமா?

எழுதக் கூடாது. ஆடிய ஆட்டங்களில் ஒன்று கூட்டி, முடிவுக் கட்டத்தில் "முடிவில்லை" என்று எழுதுங்கள். ஜெயிக்கிற நிலைமை என்பது அன்றைக்கு நமக்கு இருந்த நம்பிக்கை. எதிர் அணிக்கும் அப்படி ஒரு நம்பிக்கை இருந்திருக்கும்.

சர்வதேச ஆட்டத்தில் இதற்கென்று அளவு உண்டு. 50 ஓவர் ஆட்டமானால் இரண்டாவதாக ஆடும் அணி குறைந்தது 20 ஓவர் ஆடியிருக்க வேண்டும், டி20 ஆனால் 5 ஓவர். அதற்குப் பிறகு மழை வந்தால், மழையால் ஓவர் குறையும்போது இலக்கைக் கணக்கிடும் டக்வொர்த்-லூயிஸ்-ஸ்டெர்ன் முறைப்படி முடிவு சொல்லலாம். நம் 8 ஓவர் போட்டிகளில் அந்தக் கணக்குப் போட ஆளில்லை. ஆகவே மழை வந்தால் எத்தனை ஓவருக்கு மேல் முடிவு செல்லும் என்பதை நோட்டீஸ் அடிக்கும்போதே போட்டுவிடச் சொல்லுங்கள். வானம் கறுத்த பிறகு பேசினால் எல்லோரும் தங்கள் ஸ்கோரைப் பார்த்துத்தான் பேசுவார்கள்.

டைன்னாலும் டிரான்னாலும் சமம்தானே? ஏன் தனித்தனியா எழுதறீங்க?

கால்பந்து, ஹாக்கியில் இரண்டும் ஒன்றுதான். கிரிக்கெட்டில் இரண்டும் வேறு. டெஸ்டில் நேரம் முடிந்து, கடைசி இன்னிங்ஸ் முடியாமல் நின்றால் டிரா. கடைசியாக ஆடும் அணி முழுதாக ஆட்டமிழந்து, ரன்களும் சரிசமமாக இருந்தால்தான் டை.

டை எவ்வளவு அபூர்வம் என்பதற்கு நம் சேப்பாக்கமே சாட்சி. டெஸ்ட் வரலாறு முழுக்க இரண்டே டை. ஒன்று 1960-ல் பிரிஸ்பேனில், ஆஸ்திரேலியாவுக்கும் மேற்கிந்தியத் தீவுகளுக்கும் நடந்தது. இன்னொன்று 1986 செப்டம்பரில் சென்னையில், இந்தியாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும். வெற்றிக்கு 348 தேவை. 347-ல் மணீந்தர் சிங் எல்பிடபிள்யூ. கடைசி ஓவரில் இன்னும் ஒரே ஒரு பந்து மீதி இருந்தது. மறுமுனையில் ரவி சாஸ்திரி 48 நாட் அவுட்டாக நின்றுகொண்டிருந்தார். அந்த ஆட்டத்தை "டிரா" என்று எழுதினால் அதில் நடந்தது எல்லாமே அழிந்துபோகும். தனிக் கட்டம் போடுவது அதற்காகத்தான்.

வெற்றி சதவீதம் எப்படிப் போடறது? டிராவைச் சேர்த்தா, விட்டா?

அடிப்படைக் கணக்கு சுலபம். ஜெயித்ததை ஆடியதால் வகுத்து நூறால் பெருக்குங்கள். தகராறு வருவது டிராவில்தான். ஆடியதில் டிராவையும் சேர்த்தால் வெற்றி சதவீதம் குறையும். டிராவை விட்டுவிட்டு, ஜெயித்ததைத் தோற்றதால் வகுத்தால் அது வெற்றி-தோல்வி விகிதம். இரண்டும் சொல்வது வேறு வேறு விஷயம்.

மூன்று டெஸ்ட் கேப்டன்களைப் பாருங்கள். கிளைவ் லாயிட் 74 ஆட்டம்: 36 வெற்றி, 12 தோல்வி, 26 டிரா. ரிக்கி பாண்டிங் 77 ஆட்டம்: 48 வெற்றி, 16 தோல்வி, 13 டிரா. கிரேம் ஸ்மித் 109 ஆட்டம்: 53 வெற்றி, 29 தோல்வி, 27 டிரா. சதவீதத்தில் லாயிடும் ஸ்மித்தும் ஒன்று, இருவருக்கும் 48.6. பாண்டிங் 62.3. ஆனால் விகிதத்தில் லாயிடும் பாண்டிங்கும் ஒன்று, ஒரு தோல்விக்கு மூன்று வெற்றி. ஸ்மித்துக்கு 1.83 தான். எந்த எண்ணை எடுத்தாலும் பொய் இல்லை. லாயிட் எவ்வளவு அடிக்கடி ஜெயித்தார் என்று கேட்டால் முதல் எண். அவரைத் தோற்கடிப்பது எவ்வளவு கடினம் என்று கேட்டால் இரண்டாவது எண்.

ஆகவே சதவீதத்தை மட்டும் எழுதி அனுப்புகிறவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: நாலு எண்ணையும் எழுதுங்கள். ஆடியது, ஜெயித்தது, தோற்றது, மற்றவை. சதவீதத்தைப் படிக்கிறவரே போட்டுக்கொள்வார்.

மூணு மேட்ச் ஆடி மூணும் ஜெயிச்சிருக்கோம். நூறு சதவீதம். நாங்கதானே நம்பர் ஒன்?

இப்போதைக்கு மூன்று ஆட்டம் தோற்காத அணி, அவ்வளவுதான். 60 ஆடி 45 ஜெயித்த அணிக்கு 75 சதவீதம். அவர்கள் அந்த 60-ல் எத்தனையோ தடவை மூன்றுக்கு மூன்று ஜெயித்திருப்பார்கள். சாதனைப் பட்டியல்களில் "குறைந்தது இத்தனை ஆட்டம்" என்று ஒரு வரம்பு போடுவது இதனால்தான். எங்கள் வருடக் கணக்கில் 10 ஆட்டத்துக்குக் கீழே இருந்தால் சதவீதம் எழுதுவதில்லை, எண்ணிக்கை மட்டும்தான்.

எதிர் டீம் வரவே இல்லை. வாக் ஓவர் கொடுத்துட்டாங்க. வெற்றியில சேர்க்கலாமா?

புள்ளிப் பட்டியலில் சேரும், ஆட்டக் கணக்கில் சேராது. 1996 உலகக் கோப்பையில் ஆஸ்திரேலியாவும் மேற்கிந்தியத் தீவுகளும் பாதுகாப்புக் காரணம் சொல்லி கொழும்புக்குப் போகவில்லை. இலங்கைக்கு இரண்டு ஆட்டத்தின் புள்ளிகளும் கிடைத்தன. கடைசியில் கோப்பையும் அவர்களுக்குத்தான். ஆனாலும் அந்த இரண்டும் ஒருநாள் ஆட்டங்களின் பட்டியலில் இல்லை. யாரும் ஆடவில்லையே!

ஆரம்பித்த பிறகு ஆட மறுத்தால் விஷயம் வேறு. 2006-ல் ஓவல் டெஸ்டில் பந்தைச் சேதப்படுத்தியதாக நடுவர்கள் சொன்னதை எதிர்த்து பாகிஸ்தான் தேநீர் இடைவேளைக்குப் பிறகு களத்துக்கு வரவில்லை. நடுவர்கள் இங்கிலாந்துக்கு வெற்றி கொடுத்தார்கள். 2008-ல் ஐசிசி அதை டிரா என்று மாற்றியது. 2009-ல் மறுபடியும் இங்கிலாந்து வெற்றி என்றே ஆக்கியது. ஒரே ஆட்டம், மூன்று தடவை முடிவு எழுதப்பட்டது. முடிவு என்பது நடந்த அன்று எழுதி முடிக்கிற காரியம். பிறகு வசதிப்படி திருத்தினால் அந்த வரி மட்டும் அல்ல, பக்கத்து வரிகளின் மேலும் சந்தேகம் வரும்.

நம் பக்கம் வாக் ஓவர் அதிகம் வருவது தை மாதத்தில். சிராவயல் மஞ்சுவிரட்டு அன்றைக்கு மேட்ச் வைத்தால் எந்த அணியிலும் ஏழு பேர்கூடத் தேறமாட்டார்கள். அப்படி வந்த வாக் ஓவர்களை "வா.ஓ." என்று தனிக் கட்டத்தில் எழுதுகிறேன். எங்களுக்கு வந்ததையும், நாங்கள் கொடுத்ததையும்.

நாக்-அவுட்ல "பை" கிடைச்சு அடுத்த ரவுண்டு போனோம். அது வெற்றியா?

இல்லை. எதிரணி இல்லாமல், சீட்டுக் குலுக்கலில் வந்த வழி அது. ஆட்டமும் இல்லை, வெற்றியும் இல்லை.

ஜெயிச்ச எண்ணிக்கையே போதுமே, எதுக்கு பாயிண்ட்னு ஒண்ணு?

எல்லா அணியும் சம எண்ணிக்கையில் ஆடி, டிராவே இல்லாமல் இருந்தால் போதும். நிஜத்தில் அப்படி அமைவதில்லை. அப்புறம், எந்த மாதிரி ஆட வேண்டும் என்பதற்கும் பாயிண்ட் ஒரு கருவி. கால்பந்தில் முன்பு வெற்றிக்கு 2, டிராவுக்கு 1. டிராவுக்காகவே ஆடுகிறார்கள் என்று இங்கிலாந்து லீக் 1981-ல் வெற்றிக்கு 3 ஆக்கியது. 1994-ல் உலகக் கோப்பையிலும் அந்த முறை வந்தது. புரோ கபடியில் பல சீசன்கள் வெற்றிக்கு 5, டைக்கு 3, ஏழு அல்லது அதற்கும் குறைந்த புள்ளிகளில் தோற்றால் 1 என்று வைத்திருந்தார்கள். தோற்கப்போகிற அணியும் கடைசி ரெய்டு வரை விடாமல் போராடுவதற்கு அந்த ஒரு புள்ளி காரணம்.

சம எண்ணிக்கையில் ஆடாதபோது புள்ளியும் போதாது. உலக டெஸ்ட் சாம்பியன்ஷிப்பில் வெற்றிக்கு 12, டைக்கு 6, டிராவுக்கு 4. ஆனால் இடம் கொடுப்பது, எடுக்கக்கூடிய புள்ளிகளில் எத்தனை சதவீதம் எடுத்தார்கள் என்பதை வைத்து. 2023-25 சுற்றில் இங்கிலாந்து 22 டெஸ்ட் ஆடி 11 ஜெயித்தது. தென்னாப்பிரிக்கா 12 ஆடி 8 ஜெயித்தது. தென்னாப்பிரிக்காவுக்கு 69.44 சதவீதம், முதலிடம். பிறகு இறுதி ஆட்டத்திலும் ஜெயித்தார்கள். இங்கிலாந்துக்கு 43.18 தான். அதிலும் 22 புள்ளிகள் ஓவர்களை மெதுவாக வீசியதற்காகப் போனவை. ஆகவே "எங்களுக்கு அவர்களைவிட மூன்று வெற்றி அதிகம்" என்று யாராவது சொன்னால், எத்தனை ஆட்டத்தில் என்று கேளுங்கள்.

ரெண்டு டீமும் சம பாயிண்ட். நெட் ரன் ரேட் போடச் சொன்னா ஆளுக்கு ஒரு விடை சொல்றாங்க. எது சரி?

எனக்கு அதிகம் வரும் கேள்வி இது. தப்பு நடக்கும் இடங்கள் மூன்று. விதி இதுதான்: தொடர் முழுக்க நாம் எடுத்த மொத்த ரன்னை நாம் ஆடிய மொத்த ஓவரால் வகுக்க வேண்டும். நமக்கு எதிராக எடுத்த மொத்த ரன்னை அவர்கள் ஆடிய மொத்த ஓவரால் வகுக்க வேண்டும். முதல் எண்ணிலிருந்து இரண்டாவதைக் கழிக்க வேண்டும்.

8 ஓவர் போட்டி ஒன்றை வைத்துக்கொள்வோம். முதல் ஆட்டத்தில் கோட்டையூர் 8 ஓவரில் 72. எதிர் அணி 6 ஓவரில் 48-க்கு ஆல் அவுட். இங்கேதான் முதல் தப்பு. ஆல் அவுட் ஆனால் 6 ஓவரால் வகுக்கக் கூடாது, முழு 8 ஓவராலும் வகுக்க வேண்டும். 72-ஐ 8-ஆல் வகுத்தால் 9, 48-ஐ 8-ஆல் வகுத்தால் 6. நெட் ரன் ரேட் +3. ஆறால் வகுத்தவர் 8 என்று வைத்து +1 சொல்வார். இரண்டாவது ஆட்டத்தில் எதிர் அணி 8 ஓவரில் 60, கோட்டையூர் 6 ஓவரிலேயே 61. இப்போது மொத்தம்: 133 ரன், 14 ஓவர், அதாவது 9.5. எதிராக 108 ரன், 16 ஓவர், அதாவது 6.75. விடை +2.75. இரண்டாவது தப்பு, ஒவ்வொரு ஆட்டத்துக்கும் தனியாகப் போட்டுச் சராசரி எடுப்பது. அப்படிப் போட்டால் 2.83 வரும், அது தவறு. மூன்றாவது தப்பு 5.3 ஓவரை அப்படியே கால்குலேட்டரில் அடிப்பது. 5 ஓவர் 3 பந்து என்றால் ஐந்தரை ஓவர், 5.5 என்று அடிக்க வேண்டும்.

சின்ன எண் என்று விட்டுவிட முடியாது. 2024 ஐபிஎல்லில் சென்னையும் பெங்களூரும் 14 ஆட்டத்தில் ஆளுக்கு 7 வெற்றி, 7 தோல்வி, 14 புள்ளி. பெங்களூர் +0.459, சென்னை +0.392. கடைசி லீக் ஆட்டத்தில் பெங்களூர் 218 அடித்தது. சென்னை தோற்றாலும் 201 எடுத்திருந்தால் பெங்களூருக்குப் பதிலாக அடுத்த சுற்றுக்குப் போயிருக்கும். எடுத்தது 191. அன்றைக்கு ஜெயிக்க எத்தனை வேண்டும் என்பதோடு தகுதிக்கு எத்தனை வேண்டும் என்பதையும் அணியில் ஒருவர் தாளில் எழுதி வைத்திருக்க வேண்டும்.

பெஞ்சுல உட்கார்ந்த பையனுக்கும் ஒரு மேட்ச் கணக்கு உண்டா?

பன்னிரண்டாவது ஆளாக வந்து பீல்டிங் செய்தால் இல்லை, கேட்ச் பிடித்தாலும் இல்லை. ஆனால் விதிப்படி ஆட்டத்துக்குள் சேர்க்கப்பட்ட மாற்று ஆளுக்கு உண்டு. 2019 ஆகஸ்டில் லார்ட்ஸில் ஸ்டீவ் ஸ்மித் தலையில் அடிபட்டதும் லபுஷேன் அவருக்குப் பதிலாக ஆடினார். தலைக்காயத்துக்காக டெஸ்டில் வந்த முதல் மாற்று ஆள் அவர். அது இருவர் கணக்கிலும் ஒரு டெஸ்ட். ஐபிஎல்லில் 2023 முதல் ஆட்டத்தின் நடுவே ஒருவருக்குப் பதிலாக இறக்கும் இம்பாக்ட் பிளேயருக்கும் அப்படியே. கபடியில் மாற்று ஆளாக உள்ளே வந்து ஒரு ரெய்டு போனாலும் ஆடியதாக எழுதுகிறோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பெஞ்சில் இருந்த பையனின் பெயரை நோட்டின் அடியில் "உடன் சென்றவர்" என்று எழுதி வைப்பேன். கணக்கில் சேராது. ஆனால் அன்றைக்குத் தண்ணீர் தூக்கியவன் யார் என்பது இருபது வருடம் கழித்து அவனுக்கு முக்கியமாக இருக்கும்.

சூப்பர் ஓவர்ல ஜெயிச்சோம். வெற்றியா, டையா?

கோப்பைக்கு வெற்றி, கணக்குக்கு டை. 2019 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் இங்கிலாந்தும் நியூசிலாந்தும் ஆளுக்கு 241, சூப்பர் ஓவரிலும் ஆளுக்கு 15. பவுண்டரி எண்ணிக்கையில் 26-17 என்று கோப்பை இங்கிலாந்துக்குப் போனது. ஆட்டக் கணக்கில் அது இன்றும் டை. அந்த விதியைப் பிறகு மாற்றிவிட்டார்கள், இப்போது ஒருவர் ஜெயிக்கும் வரை சூப்பர் ஓவர்தான். 2022 கால்பந்து உலகக் கோப்பை இறுதியும் இப்படித்தான். அர்ஜென்டினாவும் பிரான்சும் 3-3, பெனால்டியில் 4-2. கோப்பை அர்ஜென்டினாவுக்கு, ஆட்டம் டிரா. நீங்களும் "டை (சூப்பர் ஓவரில் வெற்றி)" என்று முழுதாக எழுதுங்கள்.

தொடர்ந்து ஜெயிச்சதும், தொடர்ந்து தோக்காம இருந்ததும் ஒண்ணுதானே?

இல்லை. நடுவில் ஒரு டிரா வந்தால் முதல் கணக்கு உடையும், இரண்டாவது நீடிக்கும். ஆஸ்திரேலியா இரண்டு முறை தொடர்ந்து 16 டெஸ்ட் ஜெயித்திருக்கிறது. முதல் வெற்றி வரிசையை 2001-ல் கொல்கத்தாவில் இந்தியா நிறுத்தியது. மேற்கிந்தியத் தீவுகள் 1982 முதல் 1984 வரை 27 டெஸ்ட் தோற்காமல் இருந்தது. அதற்குள் தொடர் வெற்றி 11 தான். ஆர்சனல் 2003-04 லீக்கில் 38 ஆட்டம் தோற்கவில்லை, ஆனால் அதில் 12 டிரா.

ஒரு ஆள் விடாம எத்தனை மேட்ச் ஆடினான்ங்கிறதை எப்படி எண்றது?

அணி ஆடிய ஆட்டங்களை வரிசையாக எழுதி, அவர் பெயர் இல்லாத முதல் ஆட்டம் வரை எண்ணுங்கள். அணி ஆடாத நாட்கள் கணக்கில் இல்லை. அலஸ்டைர் குக் 161 டெஸ்ட் ஆடினார். முதல் இரண்டுக்குப் பிறகு உடல்நலக் குறைவால் ஒன்றை விட்டார். அதன் பின் 159 டெஸ்ட் இடைவிடாமல். கவாஸ்கர் தொடர்ந்து 106. கபில் தேவ் 131 டெஸ்ட் ஆடினார். இடையில் விட்டது ஒன்றே ஒன்று, 1984-85-ல் இங்கிலாந்துக்கு எதிராகக் கொல்கத்தாவில். அதுவும் காயத்தால் அல்ல, அணியில் எடுக்கவில்லை. வேகப்பந்து வீசிக்கொண்டே அப்படி ஆடியதை நினைத்தால் எனக்கு 434 விக்கெட்டைவிட அந்த 131 பெரிதாகத் தெரிகிறது.

கேப்டன் பேர்ல வெற்றி எழுதறீங்களே, ஆடினது பதினோரு பேர் இல்லையா?

நியாயமான கேள்வி. "இவர் தலைமையில் அணி ஜெயித்தது" என்பதற்கு மேல் அந்த எண்ணுக்குப் பொருள் கிடையாது. அவர் தலைமை தாங்கிய ஆட்டங்களை மட்டும் பிரித்துக் கூட்டியது அது. 2021-ல் இங்கிலாந்தில் ஐந்து டெஸ்ட் தொடர், நாலு முடிந்து இந்தியா 2-1 முன்னிலை, கோலி கேப்டன். ஐந்தாவது ஆட்டம் கோவிட் அச்சத்தால் தள்ளிப்போய் 2022 ஜூலையில் பர்மிங்காமில் நடந்தது. அப்போது கேப்டன் பும்ரா. இந்தியா தோற்றது, தொடர் 2-2. தொடர் 2021-க்கு உரியது, தேதி 2022, தோல்வி பும்ரா கணக்கில். மூன்றும் சரி. நோட்டில் தேதி, தொடர், கேப்டன் என்று மூன்று கட்டம் இருந்தால் குழப்பமே வராது.

டீம் பேரை மாத்திட்டோம். பழைய வெற்றியெல்லாம் புதுப் பேருக்கு வருமா?

பெயர் மட்டும் மாறியிருந்தால் வரும். கிங்ஸ் லெவன் பஞ்சாப் 2021-ல் பஞ்சாப் கிங்ஸ் ஆனது, கணக்கு தொடர்கிறது. அணியே கலைந்து அதே ஊரில் வேறு அணி வந்தால் வராது. 2009-ல் கோப்பை வென்ற டெக்கான் சார்ஜர்ஸின் கணக்கு 2012-ஓடு முடிந்தது. 2013-ல் வந்த சன்ரைசர்ஸ் ஹைதராபாத் பூஜ்ஜியத்திலிருந்து தொடங்கியது. சென்னை சூப்பர் கிங்ஸ் 2016, 2017 இரண்டு வருடமும் ஆடவில்லை. அந்த வரிசையில் ஆட்டம் 0. தோல்வி 0 என்று பெருமையாக எடுத்துச் சொல்லவும் முடியாது. தோனி அந்த இரண்டு வருடமும் புனேவுக்கு ஆடினார். ஆக, தோனியின் ஐபிஎல் ஆட்டங்கள் வேறு, சென்னைக்காக அவர் ஆடியவை வேறு.

நம் ஊரில் பனியன் வாங்கிக் கொடுப்பவர் மாறும்போதெல்லாம் அணியின் பெயரும் மாறுகிறது. பெயர் எதுவானாலும், போன வருடம் ஆடியவர்களில் பாதிக்கு மேல் இருந்தால் அதே அணி என்று எங்களுக்குள் வைத்திருக்கிறோம்.

எங்க அப்பா காலத்து நோட்டே இல்லை. பழைய கணக்கை மீட்க முடியுமா?

ஓரளவு முடியும். சிங்கப்பூர், மலேசியாவில் இருப்பவர்கள்கூட இதைப் போனில் கேட்கிறார்கள். முதலில் கோப்பைகளைத் தேடுங்கள். எங்களிடம் ஒரு பழைய சுழற்கோப்பை இருக்கிறது. அதன் மர அடிப்பலகையைச் சுற்றிச் சின்னப் பித்தளைத் தகடுகள், ஒவ்வொன்றிலும் வருடமும் ஜெயித்த ஊரும் ஆணியால் குத்தி எழுதியிருக்கும். ஒரு இடத்தில் தகடு இல்லை, இரண்டு ஆணித் துளை மட்டும். அந்த வருடம் யார் ஜெயித்தது என்று நாலு பேர் நாலு ஊர் சொல்கிறார்கள். நோட்டில் அந்த வரியைக் காலியாகவே விட்டிருக்கிறேன். போட்டி நோட்டீஸ், மைதானத்தில் எடுத்த குழுப் போட்டோவின் பின்பக்கம், கல்யாண ஆல்பத்துக்கு நடுவே செருகிய சான்றிதழ் எல்லாம் உதவும். கிடைத்த ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் அது எங்கிருந்து வந்தது என்று எழுதுங்கள்: கோப்பை, நோட்டீஸ், வாய்மொழி. வாய்மொழியை மொத்தத்தில் கூட்டாதீர்கள்.

இந்தக் கணக்கைக் காட்டி ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல கேட்கலாமா?

உள்ளூர்ப் போட்டிக் கணக்கு அதற்குச் செல்லாது. அங்கீகாரம் பெற்ற சங்கங்களும் பள்ளி, பல்கலைக்கழக அமைப்புகளும் நடத்தும் மாவட்ட, மாநிலப் போட்டிகளின் சான்றிதழ்தான் வேண்டும். பையன் அப்படி ஆடியிருந்தால் அன்றே நகல் எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.

எங்க நோட்டுல எழுதினது சரியா தப்பான்னு எப்படிக் கண்டுபிடிக்கறது?

எங்கள் ஐயா ஒரு கடையில் கணக்கு எழுதியவர். முகப்புத் திண்ணையில் பேரேட்டை விரித்து, பற்றும் வரவும் ஒட்டும் வரை எழுந்திருக்கமாட்டார். ஐந்தொகை எடுத்து வருடக் கணக்கை முடிக்கும் நாளில் அரையணா உதைத்தாலும் முதல் பக்கத்திலிருந்து தொடங்குவார். ஆட்டக் கணக்குக்கும் அதே வழிதான். ஒரு அணிக்கு வரவு என்றால் இன்னொரு அணிக்குப் பற்று. ஒரு லீக்கில் எல்லா அணிகளின் வெற்றிகளையும் கூட்டினால், எல்லாத் தோல்விகளின் கூட்டுத்தொகைக்குச் சமமாக இருக்க வேண்டும். டிராக்களின் மொத்தம் இரட்டைப்படையாக வர வேண்டும், ஏனென்றால் ஒவ்வொரு டிராவும் இரண்டு அணிகளில் ஏறும். நெட் ரன் ரேட்டிலும் உங்கள் அணி எடுத்த ரன், எதிரணிகள் கொடுத்த ரன்னோடு ஒட்ட வேண்டும்.

தனி அணிக்கும் ஒரு சோதனை உண்டு: வெற்றி, தோல்வி, டிரா, டை, முடிவில்லை எல்லாம் சேர்ந்தால் ஆடியது வர வேண்டும். 2024 செப்டம்பரில் சேப்பாக்கத்தில் வங்கதேசத்தை 280 ரன்னில் வென்றபோது இந்தியா ஆடியிருந்தது 580 டெஸ்ட்: 179 வெற்றி, 178 தோல்வி, 222 டிரா, 1 டை. கூட்டிப் பாருங்கள், ஒட்டும். 1932-ல் முதல் டெஸ்ட் ஆடிய அணி, வெற்றிகள் தோல்விகளைத் தாண்டிய முதல் நாள் அது. முதல் வெற்றி வந்ததும் இதே சேப்பாக்கத்தில்தான், 1952-ல், 25-வது டெஸ்டில். அந்த 178 தோல்வியையும் ஒன்றுவிடாமல் யாரோ எழுதி வைத்திருந்ததால்தான் அந்த நாளை நம்மால் கண்டுபிடிக்க முடிந்தது. தோற்ற ஆட்டங்களை எழுதாமல் விடுகிற நோட்டுகளைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருப்பது இதனால்தான்.

எதிர் ஊர்க்காரங்க நோட்டுல எங்ககிட்ட 14 வெற்றின்னு இருக்கு. எங்க நோட்டுல அவங்களுக்கு 11 தான். யாரை நம்பறது?

மொத்தத்தை வைத்துப் பேசாதீர்கள், வரி வரியாகப் பாருங்கள். இது எங்களுக்கே நடந்தது. பக்கத்து ஊர் அணியில் கணக்கு எழுதும் அண்ணன் தன் நோட்டோடு வந்தார். கண்மாய்க் கரை ஆலமரத்தடியில் உட்கார்ந்து, அவர் தேதியைப் படிக்க நான் பென்சிலால் டிக் போட்டேன். பதினொன்று அப்படியே ஒட்டியது. மீதி மூன்றில் ஒன்று வாக் ஓவர், மேலே சொன்னபடி அதை வெற்றியிலிருந்து எடுக்க அவர் சம்மதித்தார். இன்னொன்று நாங்கள் எழுதத் தவறிய தோல்வி. அவர் நோட்டில் எங்கள் பையன்களின் ஸ்கோர்கூட இருந்தது. அன்றே எங்கள் நோட்டில் ஏற்றினேன்.

மூன்றாவது, வெளிச்சம் போய்க் கடைசி ஓவரில் நின்ற ஆட்டம். அவர்கள் ஜெயித்ததாக அவர் நோட்டு சொல்கிறது, முடிவில்லை என்று எங்கள் நோட்டு சொல்கிறது. அன்றைக்கு நின்ற அம்பயர் இப்போது இல்லை. இரண்டு நோட்டிலும் அந்த வரியின் ஓரத்தில் "முடிவில் உடன்பாடு இல்லை" என்று எழுதி, இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். இப்போது இரண்டு நோட்டிலும் அவர்களுக்கு 12.